ஒரே வீட்டில் மூவருக்கு ஹெபடைடிஸ் பி: ரத்த உறவால் வந்ததா, தொற்றா?

கேள்வி: எனக்கு 29 வயது. ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன். கர்ப்ப காலத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. என் அம்மா நான்கு வருடங்களுக்கு முன் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். அப்போது அவருக்கு 56 வயது. நாங்கள் நான்கு பிள்ளைகள். அண்ணனுக்கு (36) துபாய் வேலைக்கான மெடிக்கலில் பாசிட்டிவ் என்று வந்து, விசா கிடைக்காமல் போனது. அக்காவுக்கு (33) ‘முன்பு வந்து போயிருக்கிறது, இப்போது இல்லை’ என்று ரிப்போர்ட். கடைசித் தம்பிக்கு (24) நெகட்டிவ். என் கணவருக்கும் நெகட்டிவ். அண்ணன் எந்த வைத்தியமும் பார்ப்பதில்லை. வாரக் கடைசியில் குடிப்பார். அம்மா தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். “சொந்தத்தில் கட்டியதால் வந்த பரம்பரை வியாதி, பேரப்பிள்ளைக்கும் ஜீனில் இறங்கியிருக்கும்” என்கிறார் மாமியார். வயிற்றிலிருந்து நீர் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்து பார்த்துவிடலாம் என்று புகுந்த வீட்டில் பேச்சு. அப்பா தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு நாள் கணக்கு முக்கியம். அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜீன் டெஸ்ட் வேண்டாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி வருமா என்று சொல்லக்கூடிய மரபணுப் பரிசோதனை எதுவும் கிடையாது. காசு கரைவதோடு போனால்கூடப் பரவாயில்லை. தாயின் ரத்தத்தில் இந்தக் கல்லீரல் நோயைத் தரும் வைரஸ் ஏராளமாக இருக்கும்போது வயிற்றுக்குள் ஊசி விட்டுப் பனிக்குட நீர் எடுத்தால், அந்த ஊசி வழியாகவே வைரஸ் குழந்தையை எட்ட வாய்ப்பு உண்டு. வரக்கூடாது என்று எதைப் பயப்படுகிறார்களோ, அதற்கே வழி திறந்துவிட்டதுபோல் ஆகிவிடும். வேறு காரணத்துக்காக உங்கள் மகப்பேறு மருத்துவரே அந்தப் பரிசோதனையைச் சொன்னால், உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதை அவரிடம் நினைவூட்டி, வைரஸ் அளவைப் பார்த்த பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே எடுக்கவேண்டிய பரிசோதனைகள் வேறு. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் (எச்பிவி) அளவைக் காட்டும் எச்பிவி டிஎன்ஏ ஒன்று. வைரஸ் வேகமாகப் பெருகும்போது ரத்தத்தில் தெரியும் எச்பிஇஏஜி என்ற ஆன்டிஜென் (வைரஸின் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. கூடவே கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. இவற்றின் முடிவை வைத்துத்தான் உங்கள் குழந்தைக்கான பாதுகாப்பு அமையும். அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் பார்த்தது பொய்யில்லை. அம்மாவுக்கு, அண்ணனுக்கு, உங்களுக்கு என்று ஒரே வீட்டில் மூன்று பேருக்கு இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த வைரஸைக் கண்டுபிடித்தவருக்கே முதலில் அப்படித்தான் தோன்றியது.

அமெரிக்காவைச் சேர்ந்த பரூக் பிளம்பர்க் வைரஸைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். மனித ரத்தப் புரதங்கள் இனத்துக்கு இனம், குடும்பத்துக்குக் குடும்பம் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதிய புரதத்தைப் பார்த்து, அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்து 1965-இல் வெளியிட்டார். பிலிப்பைன்ஸில் செபு தீவின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அந்தப் புரதம் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு மரபணுக்கள் ஒன்றுசேர்ந்தால் வெளிப்படும் ஒடுங்கிய மரபுப் பண்பின் கணக்கோடு அது பொருந்தியும் வந்தது. பிறகு, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதலில் நெகட்டிவாக இருந்த பரிசோதனை அடுத்த முறை பாசிட்டிவாக மாறியது. கூடவே அவருக்குக் கல்லீரல் அழற்சியும் வந்திருந்தது. பிறப்பிலேயே அமைந்த பண்பு நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளாது. அந்தப் புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையைச் சேர்ந்தது, இது தொற்று என்று அங்கேதான் பிடிபடத் தொடங்கியது. அதற்குப் பிறகும், 1969-இல், இந்தத் தொற்றுக்கு ஆளாகும் தன்மையாவது ஒடுங்கிய மரபாக இறங்குகிறது என்றுதான் அவருடைய குழு எழுதியது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குடும்பக் கணக்கு ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்தியது? தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தின்போது பிள்ளைக்குப் போகிறது. பிள்ளைகளுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சிறுவயதில் பரவுகிறது. அவர்களில் பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது மரபணு இறங்குவதைப்போலவே தெரியும். தைவானில் தாய்-சேய் பரவலைக் கவனித்து எழுதிய ஆய்வுகள் 1970-களில் வந்த பிறகுதான் இது தெளிவானது.

இதற்கெல்லாம் மேலான சாட்சியமும் தைவானில்தான் இருக்கிறது. 1984 ஜூலையில் அங்கே, தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1986-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கினார்கள். தைபே நகரச் சிறுவர்களில் 1984-இல் 9.8 சதவீதம் பேரிடம் இந்த வைரஸ் இருந்தது. 1994-இல் 1.3 சதவீதம். அதே ஊர், அதே சனம், அதே மரபணுக்கள். பத்தே வருடத்தில் ஒரு சமூகத்தின் மரபணு மாறாது. மாறியது பிறந்தவுடன் போட்ட ஊசி மட்டும்தான். குடும்பத்தில் தொடரும் ஹெபடைடிஸ் பி-யைப் பற்றி யார் எத்தனை விதமாகக் குழப்பினாலும் நான் திரும்பிப் போய் நிற்பது இந்தக் கணக்கில்தான்.

இந்த வைரஸ் எந்த வயதில் உடம்புக்குள் வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறக்கும்போது வந்தால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேருக்கு நாட்பட்ட தொற்றாகத் தங்கிவிடும். ஐந்து வயதுக்குள் வந்தால் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தங்கும். பெரியவர்களான பிறகு வந்தால் 100-இல் 5 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் மஞ்சள் காமாலை வந்தோ வராமலோ வைரஸை விரட்டிவிடுகிறார்கள். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் எதிர்ப்பாற்றல் இந்த வைரஸை எதிரியாகப் பார்ப்பதில்லை. பல வருடங்கள் சண்டை இல்லாமலே கூடக் குடியிருக்கும். உங்களுக்கு 29 வயதுவரை ஓர் அறிகுறியும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த வயதுகளின்படி அண்ணன் பிறந்தபோது அம்மாவுக்கு 24 வயது, நீங்கள் பிறந்தபோது 31, தம்பி பிறந்தபோது 36. இந்தத் தொற்றுள்ள பெண்களுக்கு இளவயதில் ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், எச்பிஇஏஜி-யும் பாசிட்டிவாக இருக்கும். முப்பதுகளில் பலருக்கு உடம்பு விழித்துக்கொண்டு சண்டை தொடங்கி, அந்த ஆன்டிஜென் மறைந்து, வைரஸ் அளவு சரிந்துவிடும். பாதுகாப்பு ஊசி எதுவும் போடாத நிலையில், எச்பிஇஏஜி பாசிட்டிவான தாயிடமிருந்து 100-க்கு 70 முதல் 90 குழந்தைகளுக்குத் தொற்று போகும். நெகட்டிவான தாயிடமிருந்து 10 முதல் 40 தான். அம்மாவின் வைரஸ் தணிந்த பிறகு தம்பி பிறந்திருக்க வேண்டும் என்பதே எனக்கு மிகவும் பொருத்தமாகத் தெரிகிறது. ஒரே வயிற்றில் பிறந்தும் மூத்த பிள்ளைகளுக்கு வந்து கடைக்குட்டி தப்பிய குடும்பங்களை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறோம். வைரஸ் பிரசவத்தில்தான் வந்தது என்றும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சீனா, தைவானோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் சிறுவயதில் வீட்டுக்குள் பரவுவதற்குப் பங்கு அதிகம். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஒரே பிளேடால் வரிசையாக மொட்டை அடிப்பது, ஒரே ஊசியால் காது குத்துவது, கொதிக்கவைக்காத ஊசி, ஆறாத சிரங்கு, பல் துலக்கும் பிரஷ் மாறுவது என்று கண்ணுக்குத் தெரியாத ரத்தம் படும் இடங்கள் அந்தக் காலத்து வீட்டில் நிறைய.

அப்படியானால் மரபணுவுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் அதன் நிழல் தெரிகிறது. அக்காவையும் வைரஸ் தொட்டிருக்கிறது, ஆனால் அவர் உடம்பு அதை விரட்டிவிட்டது. அவருக்கு எந்த வயதில் வந்தது என்பது இனிமேல் கண்டுபிடிக்க முடியாத விஷயம். கொஞ்சம் வளர்ந்த பிறகு வந்திருக்கலாம். ஆனால் ஒரே வயதில், ஒரே வழியில் தொற்றியவர்களில்கூடச் சிலர் விரட்டுகிறார்கள், சிலர் சுமக்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் மரபணுவின் கை இருக்கிறது.

நம் ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் ஒன்று உண்டு. அது உருவாக்கும் புரதங்கள், கிருமியின் துணுக்குகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல், எதிர்ப்பாற்றல் செல்களிடம் காட்டுகின்றன. எந்தத் துணுக்கு அந்தத் தாம்பாளத்தில் பொருந்தி உட்காரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். காம்பியா நாட்டில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட ஓர் எச்எல்ஏ வகை உள்ளவர்கள் வைரஸை அதிகம் விரட்டியது தெரிந்தது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடியபோது, ஜப்பானியரிடமும் தாய்லாந்து மக்களிடமும் எச்எல்ஏ-டிபி பகுதியில் உள்ள வேறுபாடுகள்தான் முன்னால் வந்து நின்றன. தைவானில் இரட்டையர்களிடம் பார்த்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மற்ற இரட்டையரைவிட முடிவுகள் அதிகம் ஒத்துப்போயின. 2012-இல் பெய்ஜிங்கில் ஓர் ஆய்வுக் குழு, இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலைக் கண்டுபிடித்தது. அது பித்த உப்பைச் செல்லுக்குள் இழுக்கும் என்டிசிபி என்ற புரதம். கிழக்காசிய மக்களில் சிலரிடம் அந்தப் புரதத்தில் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது, அவர்களுக்கு நாட்பட்ட தொற்று குறைவாகவே வருகிறது.

அண்ணன் தம்பி அக்கா தங்கை என்றால் இந்த எச்எல்ஏ ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கூடப் பிறந்த இருவருக்கு அது முழுவதும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்புத்தான். பாதி ஒத்துப்போக நான்கில் இரண்டு. சுத்தமாக ஒத்துப்போகாமல் இருக்கவும் நான்கில் ஒன்று. நீங்களும் அக்காவும் ஒரே வைரஸை இரண்டு விதமாகச் சந்தித்தது இதனாலும் இருக்கலாம். ஆனால் இந்த மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றின் செல்வாக்கும் சிறியது. வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். தனி ஒருவரின் தலைவிதியை அதில் படிக்க முடியாது. அதனால்தான் எந்த நாட்டுச் சிகிச்சை வழிகாட்டியும் ஹெபடைடிஸ் பி குடும்பங்களுக்கு எச்எல்ஏ பரிசோதனை செய்யச் சொல்வதில்லை. இதை வைத்துக் கர்ப்பிணியைப் பயமுறுத்திப் பணம் கேட்பவர்கள் மேல் எனக்குக் கடுங்கோபம் இருக்கிறது. அந்தப் பணத்தில் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை எடுத்திருக்கலாம்.

சொந்தத்தில் கட்டிய விஷயம். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. தாமிரம் கல்லீரலில் சேர்ந்து கெடுக்கும். அது உண்மையிலேயே மரபணு நோய். அப்பா அம்மா இருவரிடமும் அந்த மரபணு இருந்தால்தான் வரும், ஆகவே உறவுமுறைத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். ஹெபடைடிஸ் பி அந்த வகை அல்ல. எச்எல்ஏ மரபணுக்கள் இரண்டும் வேறுவேறாக அமைந்தவர்கள் வைரஸைச் சற்று அதிகமாக விரட்டுகிறார்கள் என்று காம்பியாவிலிருந்தே 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. உறவில் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாக அமையக் கொஞ்சம் வாய்ப்பு கூடும் என்பதால், மாமியார் சொன்னதில் ஒரு துளி நியாயம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டு உறவுமுறையில் எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. உங்கள் அப்பா அம்மாவின் தாய்மாமன். அதாவது அப்பாவும், அம்மாவைப் பெற்ற பாட்டியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வைரஸ் அந்தக் கொள்ளுப்பாட்டியிடமிருந்து பாட்டிக்கு, பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு என்று வந்திருந்தால், அதே கொள்ளுப்பாட்டி பெற்ற உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்க இடம் இருக்கிறது. உறவுக்குள் கட்டும்போது ஒரே தாய்வழியின் தொற்று இரண்டு பக்கமும் வந்து சேரலாம். இதற்கு எந்த ஜீனும் தேவையில்லை. நாலு பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்திருக்கிறது, அப்பாவுக்கு நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. அவருக்கு உடனே எடுங்கள். அம்மாவின் கூடப் பிறந்தவர்கள், பெரியம்மா சித்தி பிள்ளைகள் எல்லோரும் எடுக்க வேண்டும்.

அம்மா யாருக்கும் தெரிந்து எதையும் கொடுக்கவில்லை. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை நம் ஊர்களில் பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை, ஊசி இருந்தும் எட்டாத விலை. ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டின் முதல் மரபணுப் பொறியியல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1997-இல்தான் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் விலை இறங்கியது. நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது 2011-இல். புகுந்த வீட்டில் யாரும் அம்மாவைக் குறை சொல்லிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் குழந்தை. டிஎன்ஏ அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தாலோ, எச்பிஇஏஜி பாசிட்டிவாக இருந்தாலோ, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் தினம் ஒரு மாத்திரை தொடங்க வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம், உங்களுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. டிஎன்ஏ, எச்பிஇஏஜி இரண்டு பரிசோதனைக்கும் வசதியில்லாத இடத்தில் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுத்துப் பழகிய மருந்து இது, பயம் வேண்டாம். குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸைத் தடுக்கும் தயார்நிலை எதிர்ப்புரதம்) ஊசி. இரண்டும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனைகளிலும் கையிருப்பில் இருக்காது. பிரசவம் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் நடந்தாலும் மருந்து அங்கே இருக்கும் என்று ஏழாம் மாதத்திலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். நல்ல திட்டங்களெல்லாம் தடுமாறுவது இந்த ஓர் இடத்தில்தான். பிறகு 6, 10, 14 வாரங்களில் மற்றக் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் ஊசியே போதும். இரண்டு ஊசிகளும் போட்டும் வைரஸ் மிக அதிகமுள்ள தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத் தொற்று போய்விடுவதுண்டு. மாத்திரையும் சேர்ந்தால் அது மிக அரிதாகிவிடுகிறது.

இதற்காக சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மார்க்காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால், ஆறும்வரை அந்தப் பக்கம் மட்டும் கொடுக்காமல் இருங்கள். பிறந்த உடனே குழந்தையின் ரத்தத்தை எடுத்து பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க அவசரப்பட வேண்டாம், குழப்பமான முடிவுகள் வரும். 9 முதல் 12 மாதத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி (தொற்று இருப்பதைக் காட்டும், பிளம்பர்க் பார்த்த அதே ஆன்டிஜென்), அதற்கான எதிர்ப்புரத அளவு இரண்டையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

உங்கள் கணவருக்கு நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி. மூன்றாவது ஊசி போட்ட ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புரத அளவு 10-க்கு மேல் வந்ததா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு ஊசி பிடிக்காது. அதிலும் எச்எல்ஏ-வுக்குப் பங்கு உண்டு. இன்னொரு சுற்றுப் போட்டால் பெரும்பாலும் பிடித்துவிடும். தம்பிக்கும் இதே வழி. முன்பு ஊசி போட்டிருக்கிறானா, எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாமியார் மாமனாரும் போட்டுக்கொள்ளட்டும். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது, கட்டிப்பிடித்தாலும் வராது. ரேஸரும் பிரஷும் நகவெட்டியும் மட்டும் தனியாக இருக்கட்டும். அக்காவுக்கு ஊசி தேவையில்லை. ஆனால் வருங்காலத்தில் புற்றுநோய்க்கோ மூட்டு நோய்க்கோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுக்க நேர்ந்தால், ‘எனக்கு ஹெபடைடிஸ் பி வந்து போயிருக்கிறது’ என்று அந்த மருத்துவரிடம் அவர் சொல்லியே ஆக வேண்டும். அடங்கிக் கிடக்கும் வைரஸ் அப்போது எழுந்துவிடக்கூடும்.

கீழாநெல்லி விஷயத்தில் அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் நம்பிக்கைக்குப் பின்னால் நம் சென்னையின் ஆராய்ச்சியே ஒன்று இருக்கிறது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் அதே பிளம்பர்க்கும் சேர்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக அதில் இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்படப் பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று அதை நம்பி டெனோஃபோவிரைத் தள்ளிப்போட முடியாது. கர்ப்பத்தில் பச்சிலை அரைத்துக் குடிப்பதை இப்போது நிறுத்துங்கள்.

ரத்த உறவு உண்மையிலேயே கனமாகப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அது அம்மாவின் புற்றுநோய். தைவானில் 22,707 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட 200 மடங்குக்கு மேல் இருந்தது. அதே நாட்டில் பிற்பாடு நடந்த நெடுங்கால ஆய்வில், வைரஸோடு பெற்றோர் அல்லது கூடப் பிறந்தவருக்குப் புற்றுநோயும் இருந்தால், வைரஸ் மட்டும் உள்ளவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் ஆபத்து தெரிந்தது. இதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, சிறுவயதிலேயே ஒரே தாயிடமிருந்து வாங்கிய வைரஸின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பிரிக்காமலே செய்யவேண்டியது தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததால், உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறு ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயின் தடயம் தேடும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க வேண்டும். அப்பாவுக்கும் பாசிட்டிவ் என்று வந்தால், அவர் வயதுக்கு அவருக்கும் இதே கணக்குத்தான். குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோயோ சுருக்கமோ இருந்திருந்தால், மற்ற அளவுகள் அவ்வளவு மோசமில்லாவிட்டாலும் மாத்திரை தொடங்கலாம் என்று 2024-இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி சொல்கிறது. அதனால் பிரசவம் முடிந்ததும் டெனோஃபோவிரை நீங்களாக நிறுத்த வேண்டாம். தொடர்வதா என்பதைக் கல்லீரல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருபவர் உங்கள் அண்ணன்தான். உங்களைச் சுற்றி மருத்துவர்கள் இருக்கிறார்கள், குழந்தைக்கு வழி இருக்கிறது. அவர் ஆண், 36 வயது, பிறந்ததிலிருந்தே வைரஸைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம், அம்மாவுக்குப் புற்றுநோய், மேலே குடி வேறு. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கல்லீரல் முக்கால்வாசி கெடும்வரை வாய் திறக்காத உறுப்பு. துபாய் மெடிக்கலில் வேலை போனதோடு அவர் இந்தப் பேச்சையே மூடிவிட்டிருப்பார், அந்த மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாட்டில் சுமார் 3 கோடிப் பேர் சுமக்கும் தொற்று இது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அடுத்த முறை நீங்கள் செக்கப்புக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். எச்பிவி டிஎன்ஏ, எச்பிஇஏஜி, கல்லீரல் செயல்பாடு, பிளேட்லெட் எண்ணிக்கை, ஏஎஃப்பி, வயிறு ஸ்கேன், முடிந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். இவ்வளவும் ஒரே நாளில் தொடங்கிவிடலாம். குடியை அவர் முழுக்க விட வேண்டும். அளவாகக் குடிக்கலாம் என்ற பேச்சே இந்த வீட்டுக்குப் பொருந்தாது. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்தை வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம், அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இந்த வைரஸோடு சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர்களையும் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.